டீச்சரை நம்பிய டாக்டர்: யார் இந்த மரியா மாண்டிசோரி?

‘மாண்டிசோரி’ என்று போர்டு வைத்த பள்ளி ஒன்றாவது உங்கள் ஏரியாவில் இருக்கும். அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் ஒரு டாக்டர். நம்ம அடையாறிலும் கொடைக்கானலிலும் வாழ்ந்தவர்.

1870 ஆகஸ்ட் 31-ல் இத்தாலியின் கியாரவாலே ஊரில் பிறந்தார் மரியா. பெண்கள் மருத்துவம் படிப்பதே அபூர்வமாக இருந்த காலம் அது. 1896-ல் ரோமில் டாக்டர் பட்டம் வாங்கினார். அறிவு வளர்ச்சி குறைந்தவர்கள் என ஒதுக்கப்பட்ட குழந்தைகளோடு வேலை செய்தபோதுதான், கோளாறு சொல்லிக்கொடுக்கும் முறையிலும் இருக்கிறது என்பது அவருக்குப் புரிந்தது.

பூட்டாத அலமாரி

ரோமில் சான் லொரென்சோ என்ற ஏழைத் தொழிலாளர் பகுதி. பெற்றோர் வேலைக்குப் போனதும் பிள்ளைகள் கட்டடத்தைப் பாழாக்குகிறார்கள் என்று குடியிருப்பு நிர்வாகத்துக்குக் கவலை. அவர்களைப் பார்த்துக்கொள்ள ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான். 1907 ஜனவரி 6-ல் மாண்டிசோரி பொறுப்பில் ‘குழந்தைகள் இல்லம்’ திறந்தது.

அங்கே டீச்சராக வந்தவர் பயிற்சி எதுவும் இல்லாத ஓர் இளம்பெண். மாண்டிசோரி அதைக் குறையாகப் பார்க்கவில்லை. பொருட்களை எப்படிக் கொடுப்பது என்று காட்டினார். மற்றபடி எந்தக் கட்டுப்பாடும் போடவில்லை.

ஒருநாள் அந்த டீச்சர் லேட்டாக வந்தார். முந்தின நாள் அலமாரியைப் பூட்டவும் மறந்திருந்தார். பார்த்தால், பிள்ளைகளே பொருட்களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். டீச்சருக்கு அது திருட்டு, தண்டிக்க வேண்டிய விஷயம். மாண்டிசோரிக்கோ, தனக்கு எது வேண்டும் என்று குழந்தைக்கே தெரிகிறது என்பதற்கான அடையாளம். அதன்பிறகு பூட்டு போய், குழந்தையின் கைக்கு எட்டும் தாழ்வான அலமாரிகள் வந்தன.

மகனைப் பிரிந்த அம்மா

ஊர்க் குழந்தைகளுக்காக உழைத்தவரால் சொந்த மகனை வளர்க்க முடியவில்லை. 1898-ல் திருமணத்துக்கு வெளியே பிறந்த மரியோ, வேறொரு குடும்பத்தில் வளர்ந்தார். பதின்வயதில்தான் அம்மாவிடம் வந்தார். பிறகு கடைசிவரை அவருக்கு வலதுகை மரியோதான்.

அடையாறில் ஒரு வகுப்பு

முசோலினி அரசோடு ஒத்துப்போகாமல் 1934-ல் இத்தாலியை விட்டு வெளியேறினார். 1939-ல், 69 வயதில், பிரம்மஞான சபையின் அழைப்பில் சென்னை வந்தார். அடையாறில் நடந்த முதல் பயிற்சிக்கு இந்தியாவின் பல பகுதிகளிலிருந்து சுமார் 300 பேர் வந்தார்கள். அவர் இத்தாலிய மொழியில் பேச, மரியோ ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்.

1940 ஜூனில் இத்தாலி போரில் குதித்தது. பிரிட்டிஷ் அரசுக்கு இருவருமே எதிரி நாட்டவர். மரியோவை அகமத்நகர் முகாமில் அடைத்தார்கள். அம்மாவின் 70-வது பிறந்தநாளில்தான் விடுதலை கிடைத்தது.

சில மாதங்கள் தங்க வந்தவர், போர் முடிந்து 1946-ல்தான் ஐரோப்பா திரும்பினார். அதற்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களைப் பயிற்றுவித்திருந்தார். 1952 மே 6-ல் நெதர்லாந்தில் காலமானார்.

இன்று நமக்கு என்ன?

மாண்டிசோரி என்றதும் மரப் பொருட்களும் குட்டி நாற்காலிகளும்தான் ஞாபகம் வரும். அதெல்லாம் காசு கொடுத்தால் கிடைத்துவிடும். அவர் டீச்சரிடம் கேட்டது வேறு: அவசரப்படாமல் குழந்தையைக் கவனிப்பது. சிலபஸை முடி, மார்க்கைக் காட்டு என்று விரட்டப்படும் டீச்சருக்கு அந்தப் பொறுமை எங்கிருந்து வரும்? குழந்தையிடம் அன்பாக நடக்கும் பள்ளி வேண்டுமென்றால், அங்கே டீச்சருக்கு முதலில் கொஞ்சம் நேரமும் நம்பிக்கையும் கிடைக்க வேண்டும்.