லண்டனைச் செவ்வாய்வாசிகளிடம் தோற்கவிட்ட துணிக்கடைப் பையன்: யார் இந்த எச்.ஜி.வெல்ஸ்?

1978 ஜூன் மாதம் பிரிட்டனில் ஒரு இரட்டை இசைத்தட்டு வெளியானது. ஊசியை வைத்தால் முதலில் பாட்டு வராது. நடிகர் ரிச்சர்ட் பர்ட்டனின் கனமான குரல் கதை சொல்ல ஆரம்பிக்கும். பின்னாடியே வயலின்கள், எலெக்ட்ரிக் கிட்டார், சிந்தசைசர் எல்லாம் சேர்ந்துகொள்ளும்.

புரோகிரசிவ் ராக் ரசிகர்கள் இன்றும் கொண்டாடும் அந்த ஆல்பம், ஜெஃப் வெய்ன் இசையமைத்த 'தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்'. சினிமாப் பாட்டு கேசட் மாதிரி தனித்தனிப் பாட்டுகள் இல்லை. சுமார் ஒன்றரை மணி நேரமும் ஒரே கதைதான். இதைத்தான் கான்செப்ட் ஆல்பம் என்கிறார்கள். பிரிட்டனில் மட்டும் 25 லட்சத்துக்கும் மேல் விற்றது.

ஆனால் அந்தக் கதையை எழுதியவர் இறந்து அப்போதே கிட்டத்தட்ட 32 வருஷம் ஆகியிருந்தது.

அப்பா கிரிக்கெட் வீரர், வீட்டில் வறுமை

ஹெர்பர்ட் ஜார்ஜ் வெல்ஸ் 1866 செப்டம்பர் 21-ல் இங்கிலாந்தின் ப்ரோம்லி ஊரில் பிறந்தார். அப்பா ஜோசப், கென்ட் அணியின் பந்துவீச்சாளர். 1862-ல் சசெக்ஸ் அணிக்கு எதிராக அடுத்தடுத்த 4 பந்துகளில் 4 விக்கெட் எடுத்தவர். முதல்தர கிரிக்கெட்டில் அதற்கு முன் யாரும் அதைச் செய்ததில்லை. பெருமை இருந்தது, காசு இல்லை. வீட்டோடு சேர்ந்த பீங்கான் கடையும் சரியாக ஓடவில்லை.

வெல்ஸுக்கு 7 வயசு இருக்கும்போது கால் உடைந்தது. படுக்கையில் கிடந்த அந்த நாட்களில்தான் புத்தகப் பைத்தியம் பிடித்தது. சில வருஷம் கழித்து அப்பாவுக்கும் கால் உடைந்து கிரிக்கெட் முடிந்துபோனது. அம்மா ஒரு பெரிய பண்ணை மாளிகைக்கு வீட்டு நிர்வாகியாகப் போய்விட்டார். பையனைத் துணிக்கடையில் பயிற்சி வேலைக்கு விட்டார்கள்.

ஒரு நாளைக்கு 13 மணி நேர வேலை. கடை மாடியிலேயே தூக்கம். ஒருநாள் தாங்க முடியாமல் சுமார் 27 கிலோமீட்டர் நடந்தே அம்மாவிடம் போய் நின்றார். அந்த வேலைக்குத் திரும்ப அனுப்பினால் செத்துப்போவேன் என்ற அளவுக்குப் பேசினார். கடைசியில் அம்மா இறங்கிவந்தார்.

அதன்பிறகு ஒரு பள்ளியில் மாணவ ஆசிரியர். 1884-ல் உதவித்தொகையோடு லண்டனில் அறிவியல் படிப்பு. அங்கே உயிரியல் நடத்தியவர் டி.எச்.ஹக்ஸ்லி, டார்வினுக்காக ஊர் ஊராக வாதாடிய அதே ஹக்ஸ்லி. வெல்ஸின் கதைகளில் அந்த வகுப்பறை கடைசிவரை இருக்கிறது.

கதைக்கு விதை போட்ட தீவு

1895-ல் 'தி டைம் மெஷின்' வந்ததும் பெயர் கிடைத்தது. அதே வருஷம் ஜேனோடு வோகிங் ஊரில் குடியேறினார், அவரைத் திருமணமும் செய்துகொண்டார். அங்கே சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார். தெருத்தெருவாகச் சுற்றி, எந்த இடத்தை எப்படி அழிக்கலாம் என்று குறித்துக்கொண்டார். செவ்வாய்வாசிகள் முதலில் வந்திறங்கும் ஹார்செல் பொதுவெளி, அவர் வீட்டுக்குப் பக்கத்தில் இன்றும் இருக்கிறது.

ஆனால் கதைக்கு விதை போட்டது அண்ணன் ஃபிராங்க். ஆங்கிலேயர்கள் குடியேறியபின் டாஸ்மேனியத் தீவின் பூர்வகுடிகளுக்கு நேர்ந்த கொடுமை பற்றி இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். இதேபோல வேறு கிரகத்துக்காரன் நம்ம ஊரில் வந்திறங்கினால் என்ன ஆகும் என்ற கேள்வி அங்கே எழுந்தது. அந்த மக்கள் முற்றிலும் அழிந்துவிட்டதாகவே அன்று நம்பினார்கள். நாவலிலும் வெல்ஸ் அப்படித்தான் எழுதினார். உண்மையில் அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் வாழ்கிறார்கள்.

1897-ல் பத்திரிகைத் தொடராகவும், 1898-ல் புத்தகமாகவும் வந்தது. உலகின் கால்பங்கை ஆண்டுகொண்டிருந்த நாட்டின் தலைநகரிலிருந்து மக்கள் மூட்டை முடிச்சோடு ஓடுகிறார்கள். பீரங்கிகள் உதவவில்லை. மூன்று கால் இயந்திரங்களின் வெப்பக்கதிர் எல்லாவற்றையும் பொசுக்குகிறது. கடைசியில் செவ்வாய்வாசிகளைக் கொல்வது ராணுவம் இல்லை, பூமியின் சாதாரண பாக்டீரியா. ஹக்ஸ்லியின் மாணவர் வேறு எப்படி முடிப்பார்?

இவ்வளவு எழுதிய அதே மனிதர், 1901-ல் வந்த 'ஆன்டிசிபேஷன்ஸ்' நூலில், வருங்கால உலகுக்கு ஈடுகொடுக்க முடியாத கறுப்பு, பழுப்பு இன மக்கள் மறைந்துபோக வேண்டியதுதான் என்ற பொருளில் எழுதினார். நாவலைப் படித்தவர்களுக்கு இது அதிர்ச்சிதான். பிற்காலத்தில் இனவெறியைக் கண்டித்தார், 1940-ல் மனித உரிமைகள் பற்றித் தனி நூலே எழுதினார். அதனால் முந்தைய பக்கங்கள் இல்லாமல் போய்விடாது.

ரேடியோவில் இருந்து ராக் வரை

1938 அக்டோபர் 30-ல் அமெரிக்காவில் ஆர்சன் வெல்ஸ் இந்தக் கதையை வானொலிச் செய்தி மாதிரியே ஒலிபரப்பினார். நாடே பீதியில் உறைந்தது என்பது பெரும்பாலும் பத்திரிகைகள் ஊதிப் பெருசாக்கியது. அந்த நாடகம் சம்பவத்தை நியூஜெர்சிக்கு மாற்றியது. 1953-ல் வந்த ஹாலிவுட் படம் கலிஃபோர்னியாவுக்குக் கொண்டுபோனது.

1946 ஆகஸ்ட் 13-ல் லண்டனில் வெல்ஸ் காலமானார். அஸ்தியைக் கடலில் கரைத்தார்கள்.

ஜெஃப் வெய்ன் செய்த நல்ல காரியம், கதையை விக்டோரியா காலத்து இங்கிலாந்திலேயே விட்டுவைத்தது. அப்பா ஜெர்ரி கொடுத்த புத்தகம்தான் ஆரம்பம். செவ்வாய்வாசிகளின் 'உல்லா' அலறல் நாவலிலேயே இருக்கிறது. ஆல்பத்தில் அதைக் கேட்டால் முதுகுத்தண்டு சில்லிடும். 'தண்டர் சைல்ட்' போர்க்கப்பல் மூழ்கும் கட்டம் தனிப் பாட்டாகவே வருகிறது, அட்டைப்படமும் அதுதான். ஜஸ்டின் ஹேவர்ட் பாடிய 'ஃபாரெவர் ஆட்டம்' பிரிட்டன் பட்டியலில் 5-வது இடம் பிடித்தது. அந்த மெட்டு முதலில் லெகோ பொம்மை விளம்பரத்துக்குப் போட்டது என்றால் நம்ப முடிகிறதா!

2006-ல் இந்த ஆல்பம் மேடை நிகழ்ச்சியாக ஊர் ஊராகப் போனது. பிரம்மாண்டமான மூன்று கால் இயந்திரம் ஒன்று ரசிகர்கள் முன் இறங்கியது. 1984-ல் இறந்துபோன பர்ட்டனின் முகத்தை ஒளிவடிவில் காட்டி, அதே பழைய குரலில் கதையைச் சொல்ல வைத்தார்கள்.