சென்னைச் சிறையில் உயிர்நீத்த வக்கம் காதர்

திருவனந்தபுரத்திலிருந்து கொல்லம் செல்லும் ரயில் பாதையில் கடைக்காவூர் நிலையத்தை அடுத்து இருக்கிறது வக்கம். காயலும் தென்னையும் சூழ்ந்த சிற்றூர். இவ்வூர் அப்துல் காதர் என்ற ஒரே பெயரில் இருவரை நாட்டுக்குத் தந்தது. ஒருவர், 1905-ல் சுதேசாபிமானி பத்திரிகையைத் தொடங்கிய வக்கம் மௌலவி. மற்றவர், 26 வயதில் தூக்குமேடை ஏறிய இளைஞர். இவரைத்தான் மக்கள் வக்கம் காதர் என்கிறார்கள்.

கடல் கடந்த பிழைப்பு

காதர் 1917 மே 25-ம் தேதி பிறந்தார். தந்தையின் பெயர் வாவாக்குஞ்சு. வசதி குறைந்த குடும்பம். காதர் மாணவராக இருந்த காலத்தில், திவான் சர் சி.பி. ராமசாமி அய்யரின் ஆட்சியை எதிர்த்துத் திருவிதாங்கூரில் கிளர்ச்சிகள் நடந்தன. அந்தச் சூடு இளம் காதரையும் தொட்டது.

ஆனால் குடும்பத்துக்குச் சோறு வேண்டும். 1938-ல், 21-வது வயதில், அவர் மலேயாவுக்குக் கப்பல் ஏறினார். ரப்பர் தோட்டங்களிலும் ரயில்வேயிலும் துறைமுகங்களிலும் அலுவலகங்களிலும் தமிழரும் மலையாளிகளும் ஆயிரக்கணக்கில் வேலை செய்து வந்த நாடு அது. சம்பாதித்து வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்ற எண்ணத்தோடு சென்றவர்களில் காதரும் ஒருவர்.

யுத்தம் எல்லாவற்றையும் மாற்றியது. 1941 டிசம்பரில் ஜப்பானியர் மலேயாவில் இறங்கினர். 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் வீழ்ந்தது. அசைக்க முடியாதது என்று நம்பப்பட்ட பிரிட்டிஷ் ஆட்சி சில வாரங்களில் சரிந்ததை அங்கிருந்த இந்தியர் கண்ணால் கண்டனர். இந்திய சுதந்திர லீக் வலுப் பெற்றது. இளைஞர்கள் திரண்டனர். காதரும் அதில் சேர்ந்தார்.

நீர்மூழ்கிக் கப்பலில்

பினாங்கில் பாரிஸ்டர் என். ராகவன் மேற்பார்வையில் சுயராஜ்ய பயிற்சி நிலையம் அமைந்தது. இந்தியாவுக்குள் இரகசியமாக நுழைந்து வேலை செய்ய அங்கே இளைஞர்களுக்குப் பயிற்சி தரப்பட்டது. அவர்களில் சிலரை ராகவனுக்கு முறையாகத் தெரிவிக்காமலே ஜப்பானியர் அனுப்பி வைத்தனர். அவர் கடுமையாக ஆட்சேபித்தார். அந்தத் தகராறில் நிலையமே பிறகு மூடப்பட்டது. ஆனால் போனவர்கள் போய்விட்டார்கள்.

ஒரு குழு கத்தியவார் கரைக்கும், ஒரு குழு மலபார் கரைக்கும் நீர்மூழ்கிக் கப்பலில் அனுப்பப்பட்டன. வேறு சிலர் பர்மா வழியாகத் தரை மார்க்கமாக வந்தனர். காதர் இருந்த குழு 1942 செப்டம்பர் கடைசியில் தானூர் கடற்கரையில் இறங்கியது.

அது வெள்ளையனே வெளியேறு இயக்கம் நாடெங்கும் கொழுந்துவிட்ட நேரம். கடற்கரைகளில் காவல் பலமாக இருந்தது. புதிய முகங்கள் உடனே கண்ணில் பட்டன. பிறந்த நாட்டு மண்ணை மிதித்த சிறிது நேரத்திலேயே காதரும் தோழர்களும் போலீசாரிடம் சிக்கினர். வக்கத்து வீட்டை எட்டிப் பார்க்கவும் அவருக்கு வாய்க்கவில்லை.

தூக்குத் தண்டனை

மலபார் அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. ஆகவே கைதிகள் சென்னைக்குக் கொண்டுவரப்பட்டனர். அரசருக்கு எதிராகப் போர் தொடுக்கச் சதி செய்ததாகத் தனி நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. 1943 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. காதர், அனந்தன், வங்காளத்தைச் சேர்ந்த சத்யேந்திர சந்திர பர்தன், பஞ்சாபைச் சேர்ந்த பவுஜா சிங், போனிபேஸ் பெரைரா ஆகிய ஐவருக்கும் மரண தண்டனை. போனிபேஸின் தண்டனை மட்டும் பின்னர் குறைக்கப்பட்டது.

நேதாஜியின் படைவீரர் என்று காதரைப் பலரும் குறிப்பிடுவதுண்டு. ஆனால் நேதாஜி சிங்கப்பூருக்கு வந்து தலைமை ஏற்றது 1943 ஜூலையில்தான். அப்போது காதர் சென்னைச் சிறையில் தூக்குக் கயிற்றை எதிர்நோக்கி இருந்தார். நேதாஜியின் கீழ் பணிபுரியும் பேறு அவருக்குக் கிட்டவில்லை. அந்தப் பெரும் எழுச்சிக்கு முன்னரே களத்தில் இறங்கிப் பலியானவர் அவர்.

கடைசிக் கடிதம்

தூக்குக்கு முந்திய இரவில் காதர் தந்தைக்குக் கடிதம் எழுதினார். தன் மனத்தில் கலக்கம் இல்லை, ஆண்டவன் அமைதி தந்திருக்கிறான் என்று ஆறுதல் கூறினார். மகன் எவ்வளவு தைரியமாக இறந்தான் என்பதைக் கண்டவர் வாயால் கேட்கும்போது தந்தை பெருமைப்படுவார் என்றும் எழுதினார். உயிர் தப்பிய போனிபேஸுக்கும் ஒரு கடிதம் எழுதினார். யுத்தத்தில் அச்சு நாடுகள் வென்றாலும் நேச நாடுகள் வென்றாலும் இந்தியா விடுதலை பெற்றே தீர வேண்டும் என்பது அதன் சாரம். ஜப்பானியர் கப்பலில் வந்தாலும் ஜப்பானியருக்காக அவர் வரவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

1943 செப்டம்பர் 10-ம் தேதி விடியற்காலையில் நால்வரும் தூக்கிலிடப்பட்டனர். ஓர் இந்து தோழருடன் சேர்த்துத் தன்னைத் தூக்கிலிட வேண்டும் என்று காதர் கடைசி விருப்பம் தெரிவித்ததாகக் கூறுவர். ஒரு முஸ்லிம், ஒரு சீக்கியர், இரண்டு இந்துக்கள். கேரளமும் வங்காளமும் பஞ்சாபும் அன்று ஒரே தூக்குமேடையில் ஒன்றாயின.

நாடு விடுதலை பெற அப்போது நான்கு ஆண்டுகள்கூட இல்லை. 1998-ல் காதர், பர்தன், பவுஜா சிங் ஆகியோரின் நினைவாக மத்திய அரசு தபால்தலை வெளியிட்டது. சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்தை அடுத்திருந்த பழைய மத்திய சிறை 2009-ல் இடிக்கப்பட்டுவிட்டது. ஆனாலும் வேலை தேடிக் கடல் கடந்து சென்று, நாட்டுக்காகத் திரும்பி வந்த மகனை வக்கம் மறக்கவில்லை. ஊரின் பெயரே அவர் பெயரோடு சேர்ந்து நிற்கிறது.