நார்மன் ஹோல்ட்டர்

நார்மன் ஜெஃபெரிஸ் ஹோல்ட்டர் (பெப்ரவரி 1, 1914 – சூலை 21, 1983) அமெரிக்காவைச் சேர்ந்த உயிர் இயற்பியலாளர் ஆவார். நடமாடும் மனிதரின் இதய மின்னலைகளை மணிக்கணக்கில் பதிவு செய்யும் கருவியை உருவாக்கியவர். அக்கருவி இவருடைய பெயராலேயே ஹோல்ட்டர் கருவி என வழங்குகிறது. இவர் மருத்துவர் அல்லர்.

வாழ்க்கைக் குறிப்பு

மொன்ட்டானா மாநிலத்தின் எலெனா நகரில் பிறந்தார். இவருடைய பாட்டனார் நார்வேயிலிருந்து குடியேறியவர். ஹோல்ட்டர் இயற்பியலும் வேதியியலும் பயின்றார். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கக் கடற்படைக்காகக் கடல் அலைகளை ஆராய்ந்தார். 1946 இல் பிக்கினி பவளத்தீவில் நடந்த அணுகுண்டுச் சோதனைகளிலும் பணியாற்றினார். 1947 இல் சொந்த ஊரில் ஹோல்ட்டர் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார்.

கருவியின் வளர்ச்சி

படுக்கையில் அசையாது கிடப்பவரிடம் சில நொடிகள் எடுக்கும் வரைபடம் இதயத்தின் அன்றாட நிலையைக் காட்டாது என்பது இவருடைய கருத்து. முதற்கருவி ஏறத்தாழ 38 கிலோகிராம் எடை கொண்டது. வானொலி அலை வழியே இதய மின்னலைகளை அனுப்பியது. அதனை ஹோல்ட்டரே முதுகில் சுமந்தபடி மிதிவண்டிப் பயிற்சி செய்து சோதித்தார். திரிதடையம் வந்தபின் கருவி சிறுத்தது. காந்த நாடாவில் பதியும் முறையும் வந்தது. நீண்ட பதிவைப் பன்மடங்கு வேகத்தில் ஓட்டிப் பார்க்கும் வழியையும் இவர் குழுவினர் வகுத்தனர். துடிப்புகள் திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். சீர் குலைந்தால் ஒலியும் மாறும். 1961 இல் சயன்ஸ் இதழில் இம்முறையை வெளியிட்டார்.

மாறுபட்ட மார்பு நெரிப்பில் பயன்பாடு

1959 இல் மைரன் பிரின்சுமெட்டல் விவரித்த மாறுபட்ட மார்பு நெரிப்பு, உழைப்பின்போது அன்றி ஓய்வில், பெரும்பாலும் நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையே தோன்றுவது. இதயத் தமனி திடீரெனச் சுருங்குவதே காரணம். சில நிமிடங்களில் தமனி தளர்ந்துவிடும். எடுத்துக்காட்டாக, சென்னையை அடுத்த சிட்லபாக்கத்தில் ஒருவர் விடியற்காலையில் வலியுடன் எழுந்து, தாம்பரத்தில் மருத்துவமனையை அடைவதற்குள் வலி அடங்கிவிடலாம். அங்கு எடுக்கும் வரைபடம் இயல்பாகவே இருக்கக்கூடும். உடற்பயிற்சிச் சோதனையிலும் பலருக்குக் குறை தெரிவதில்லை.

உறக்கத்திலும் உடலோடு இருக்கும் ஹோல்ட்டர் கருவி இங்கேதான் உதவுகிறது. வலி நேரத்தில் எஸ்.டி. பகுதி உயர்வதையும், வலியே இல்லாமல் அவ்வாறு உயர்வதையும் அது பிடித்துக்காட்டும். தமனிச் சுருக்கத்தின்போது இதயக் கீழறை மிகைத்துடிப்போ, மேலறை–கீழறைக் கடத்தல் அடைப்போ ஏற்படலாம். மயக்கமும் திடீர் மரணமும் நேர்வதுண்டு. ஆகவே வலி நின்றது என்று நோயாளி சொல்வது மட்டும் போதாது. கால்சியத் தடுப்பு மருந்து பலன் தருகிறதா என்பதைப் பதிவும் காட்ட வேண்டும்.

24 மணி நேரத்துக்குள் தாக்குதல் வராமலும் போகலாம். அதனால் பல நாட்கள் ஒட்டிக்கொள்ளும் பதிவுப் பட்டைகளும், தோலுக்கடியில் வைக்கும் பதிவிகளும் பின்னாளில் வந்தன.

எலெனாவில் 1987 இல் திறக்கப்பட்ட கலை அருங்காட்சியகம் ஹோல்ட்டர் பெயரைத் தாங்கியுள்ளது.