ஐடி கார்டில் உள்ள ரத்த வகை சரிதானா? 2 நிமிட சோதனையைத் தந்த கார்ல் லேண்ட்ஸ்டெய்னரின் கதை

ஓசூர் சிப்காட்டில் ஷிஃப்ட் முடிந்து வெளியே வருகிறவர்களின் கழுத்தில் தொங்கும் ஐடி கார்டைக் கவனித்திருப்பீர்கள். பெயர், எம்ப்ளாயி நம்பர், அதற்குக் கீழே ரத்த வகை. ஓ பாசிட்டிவ், பி பாசிட்டிவ் என்று ஏதோ ஒன்று அச்சாகியிருக்கும். அதை எப்போது, எங்கே டெஸ்ட் பண்ணினீர்கள் என்று கேட்டால் பல பேர் யோசிப்பார்கள். ஸ்கூலில் யாரோ சொன்னது, அப்பாவுக்கு இதுதான் என்பதால் எனக்கும் இதுவாகத்தான் இருக்கும் என்று நினைத்தது, வேலைக்குச் சேர்ந்த அன்று ஃபார்மில் ஒரு கட்டம் காலியாக இருந்ததால் எழுதியது என்று காரணங்கள் வரும்.

ரத்த வகை யூகிக்கிற விஷயம் இல்லை. இரண்டு நிமிடத்தில் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். அந்தச் சோதனையை உலகத்துக்குத் தந்தவர் கார்ல் லேண்ட்ஸ்டெய்னர். 125 ஆண்டுகளுக்கு முன்பு வியன்னாவில் அவர் செய்ததைத்தான் இன்றைக்கும் உங்கள் தெருமுனை லேபில் செய்கிறார்கள். அவர் கதையைத் தெரிந்துகொண்டால், இந்த டெஸ்ட் எப்படி வேலை செய்கிறது, யாருக்கு ஏன் அவசியம் என்பதும் புரிந்துவிடும்.

யார் இந்த லேண்ட்ஸ்டெய்னர்?

ஆஸ்திரியாவின் வியன்னாவுக்குப் பக்கத்தில் உள்ள பாடன் என்ற ஊரில், 1868 ஜூன் 14 அன்று பிறந்தார். அப்பா லியோபோல்ட் பெயர் பெற்ற பத்திரிகையாளர். ஆனால் கார்லுக்கு ஆறு வயதாக இருக்கும்போதே அவர் இறந்துவிட்டார். அம்மா ஃபேனிதான் ஒற்றை ஆளாக வளர்த்தார். அம்மா மீது அவருக்கு இருந்த பாசம் கடைசி வரை குறையவில்லை. அவர் இறந்த பிறகு முகத்தை அச்செடுத்துச் செய்த முகமூடியைச் சாகும்வரை தன் அறைச் சுவரில் மாட்டி வைத்திருந்தார்.

1891-ல் வியன்னா பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் வாங்கினார். மற்ற டாக்டர்களைப் போல கிளினிக் வைத்து சம்பாதிக்கப் போகவில்லை. ஜெர்மனிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் போய் வேதியியல் படித்தார். உடலுக்குள் நடப்பதை வேதியியல் வழியாகப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதுதான் அவர் ஆசை.

திரும்பி வந்து வியன்னாவில் நோய்க்கூறியல் துறையில் உதவியாளராகச் சேர்ந்தார். பிணப் பரிசோதனை செய்வதுதான் வேலை. பத்தாண்டுகளில் 3,600-க்கும் மேற்பட்ட உடல்களைப் பரிசோதித்தார். அந்த வேலைக்கு நடுவே கிடைத்த நேரத்தில்தான் ரத்தத்தை ஆராய்ந்தார்.

அதுவரை ரத்தம் ஏற்றவே இல்லையா?

ஏற்றினார்கள். ஆனால் அது லாட்டரி மாதிரி. 1667-ல் பிரான்ஸில் ஜான் பாப்டிஸ்ட் டெனி என்ற மருத்துவர் ஆட்டுக்குட்டியின் ரத்தத்தை மனிதனுக்கு ஏற்றிப் பார்த்தார். 1818-ல் லண்டனில் ஜேம்ஸ் ப்ளண்டல் மனித ரத்தத்தையே மனிதனுக்கு ஏற்றினார். பிரசவத்தில் ரத்தம் இழந்து சாகும் பெண்களைக் காப்பாற்ற வேண்டும் என்பது அவர் தவிப்பு. சிலர் பிழைத்தார்கள், சிலர் ரத்தம் ஏற்றிய பிறகே இறந்தார்கள். ஒரே டாக்டர், ஒரே முறை, ஆனால் முடிவு மட்டும் ஆளுக்கு ஆள் மாறியது. ஏன் என்று யாருக்கும் புரியவில்லை.

ஒருவரின் ரத்தத்தை இன்னொருவரின் ரத்தத்தோடு கலந்தால் சில நேரம் திரிதிரியாகக் கட்டிக்கொள்ளும் என்பது தெரிந்திருந்தது. ஆனால் அது நோயாளிகளின் ரத்தத்தில் வரும் கோளாறு என்றே பல பேர் நினைத்தார்கள்.

1901: ஆறு பேர், ஒரு அட்டவணை

லேண்ட்ஸ்டெய்னருக்கு இந்த விளக்கம் ஒப்பவில்லை. ஆரோக்கியமானவர்கள் ரத்தத்தில் என்ன நடக்கிறது என்று பார்க்க முடிவு செய்தார். ஆட்களைத் தேடி வெளியே போகவில்லை. தன் ரத்தத்தையும், கூட வேலை பார்த்த ஐந்து பேரின் ரத்தத்தையும் எடுத்தார்.

ஒவ்வொருவர் ரத்தத்தையும் இரண்டாகப் பிரித்தார்: சிவப்பணுக்கள் தனி, மேலே தெளிந்து நிற்கும் சீரம் தனி. பிறகு ஒவ்வொருவரின் சீரத்தையும் மற்ற எல்லோருடைய சிவப்பணுக்களோடும் கலந்தார். கட்டிக்கொண்டால் ஒரு குறி, இல்லாவிட்டால் இன்னொரு குறி. அவ்வளவுதான் சோதனை.

அட்டவணையில் ஒரு ஒழுங்கு தெரிந்தது. யாருடைய சீரமும் அவரவர் ரத்தத்தைக் கட்ட வைக்கவில்லை. சிலருடைய சீரம் மற்ற சிலரை மட்டும் கட்ட வைத்தது. ஆக, இது நோய் இல்லை, மனிதர்களின் ரத்தத்திலேயே வகைகள் இருக்கின்றன. ஏ, பி, சி என்று மூன்று பெயர் வைத்தார். அந்த சி-தான் பின்னாளில் ஓ ஆனது. லேண்ட்ஸ்டெய்னரின் ரத்தமே அந்த வகைதான்!

நான்காவது வகையான ஏபி அப்போது சிக்கவில்லை. அது குறைவான பேருக்கே இருக்கும் என்பதால், சின்ன எண்ணிக்கையில் பார்த்தபோது தட்டுப்படவில்லை. அடுத்த ஆண்டே, 1902-ல், டெகாஸ்டெல்லோவும் ஸ்டர்லியும் அதைக் கண்டுபிடித்தார்கள்.

இன்று லேபில் நடப்பதும் இதேதான்

விரல் நுனியில் ஒரு குத்து. கண்ணாடித் தகட்டில் மூன்று சொட்டு ரத்தம். ஒவ்வொன்றிலும் ஒரு திரவம் விடுவார்கள்: நீல நிறத்தில் ஆன்டி-ஏ, மஞ்சள் நிறத்தில் ஆன்டி-பி, நிறமில்லாத ஆன்டி-டி. கலந்து, தகட்டை லேசாக ஆட்டிப் பார்ப்பார்கள்.

- ஆன்டி-ஏ விட்டது மட்டும் கட்டினால் ஏ வகை
- ஆன்டி-பி விட்டது மட்டும் கட்டினால் பி வகை
- இரண்டுமே கட்டினால் ஏபி
- இரண்டுமே கட்டாவிட்டால் ஓ
- ஆன்டி-டி விட்ட சொட்டு கட்டினால் பாசிட்டிவ், கட்டாவிட்டால் நெகட்டிவ்

ஏ வகைக்காரரின் சிவப்பணு மீது ஏ என்ற அடையாளப் பொருள் இருக்கும். அவர் சீரத்தில் பி-யை எதிர்க்கும் ஆன்டிபாடி இருக்கும். ஓ வகைக்காரரிடம் இரண்டு அடையாளமும் இல்லை, ஆனால் இரண்டையும் எதிர்க்கும் ஆன்டிபாடிகள் உண்டு. பொருந்தாத ரத்தம் ஏறினால் இந்த ஆன்டிபாடிகள் வந்த சிவப்பணுக்களைத் தாக்கி உடைக்கும். சிறுநீரகம் செயலிழந்து உயிரே போகலாம். ப்ளண்டல் காலத்து மரணங்கள் பலவற்றுக்கு விடை இங்கே இருந்தது.

கண்டுபிடித்ததும் உலகம் கொண்டாடியதா?

இல்லை. ஏற்றும்போதே ரத்தம் உறைந்துவிடுவது பெரிய தொல்லையாக இருந்ததால், ரத்தம் ஏற்றுவதே அரிதாகத்தான் நடந்தது. 1907-ல் நியூயார்க்கில் ரூபன் ஆட்டன்பர்க் என்ற மருத்துவர்தான் முதன்முதலில் வகை பொருத்திப் பார்த்து ரத்தம் ஏற்றினார். 1914 வாக்கில் சோடியம் சிட்ரேட் கலந்தால் ரத்தம் உறையாது என்று தெரிந்தது. முதல் உலகப் போரில் ரத்தம் ஏற்றுவது பரவலானது.

லேண்ட்ஸ்டெய்னர் அதற்குள் வேறு வேலையில் மூழ்கியிருந்தார். 1908-ல் எர்வின் பாப்பருடன் சேர்ந்து, போலியோவைக் குரங்குகளுக்குத் தொற்ற வைக்க முடியும் என்று காட்டினார். அது ஒரு தொற்றுநோய்தான், பாக்டீரியாவை விடச் சின்ன கிருமியால் வருகிறது என்று புரிந்துகொள்ள அது வழி திறந்தது.

போர் முடிந்தபோது வியன்னாவில் சாப்பாட்டுக்கும் விறகுக்கும் தட்டுப்பாடு. மனைவியும் கைக்குழந்தையும் இருந்தார்கள். 1919-ல் நெதர்லாந்தின் ஹேக் நகரில் ஒரு சின்ன மருத்துவமனைக்கு வேலைக்குப் போனார். 50 வயதைத் தாண்டிய, ரத்த வகையைக் கண்டுபிடித்த விஞ்ஞானி, அங்கே நோயாளிகளின் சிறுநீரையும் ரத்தத்தையும் சோதிக்கும் வேலை பார்த்தார். பிறகு நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனம் அழைத்தது. 1920-களின் தொடக்கத்தில் குடும்பத்தோடு அமெரிக்கா போனார்.

1930-ல் நோபல் பரிசு கிடைத்தது. 1901-ல் போட்ட அட்டவணைக்கு 29 ஆண்டுகள் கழித்துக் கிடைத்த அங்கீகாரம்.

பாசிட்டிவ், நெகட்டிவ் எப்படி வந்தது?

ஓய்வு பெற்ற பிறகும் அவர் லேபை விடவில்லை. 1940-ல் அலெக்சாண்டர் வீனருடன் சேர்ந்து ஆர்எச் காரணியைப் பற்றி வெளியிட்டார். ரீசஸ் குரங்கின் ரத்தத்தை வைத்துச் செய்த ஆய்வு என்பதால் அந்தப் பெயர். டெஸ்டில் மூன்றாவது சொட்டு பார்ப்பது இதைத்தான்.

இந்தியாவில் நூற்றில் சுமார் ஐந்து பேருக்கே ஆர்எச் நெகட்டிவ். அதிலும் பெண்களுக்கு இது தெரிந்திருப்பது ரொம்ப முக்கியம். அம்மா நெகட்டிவ், வயிற்றில் இருக்கும் குழந்தை பாசிட்டிவ் என்றால், பிரசவத்தின்போது குழந்தையின் ரத்தம் கொஞ்சம் அம்மாவின் உடலில் கலந்து ஆன்டிபாடி உருவாகலாம். முதல் குழந்தைக்குப் பெரும்பாலும் பிரச்சினை வராது. அடுத்த பாசிட்டிவ் குழந்தையின் சிவப்பணுக்களை அந்த ஆன்டிபாடி தாக்கும். இதைத் தடுக்க ஆன்டி-டி ஊசி இருக்கிறது. வழக்கமாக 28-வது வாரத்தில் ஒன்று, குழந்தை பாசிட்டிவ் என்றால் பிரசவமான 72 மணி நேரத்துக்குள் இன்னொன்று. கரு கலைந்தாலும் டாக்டரிடம் இதைக் கேட்க வேண்டும்.

1943 ஜூனில் லேபில் வேலை செய்துகொண்டிருந்தபோதே லேண்ட்ஸ்டெய்னருக்கு மாரடைப்பு வந்தது. இரண்டு நாளில், ஜூன் 26 அன்று இறந்தார். வயது 75. ஆன்டி-டி ஊசி பயன்பாட்டுக்கு வந்தது 1968-ல். அவர் பிறந்து சரியாக 100 ஆண்டு கழித்து. ஆண்டுதோறும் உலக ரத்த தான தினம் கொண்டாடும் ஜூன் 14, அவர் பிறந்த நாள்தான்.

பம்பாய் வகை: ஓ போலத் தெரியும், ஆனா ஓ இல்லை

1952-ல் மும்பையில் ஒய்.எம். பெண்டேயும் சகாக்களும் ஒரு விசித்திர வகையைப் பதிவு செய்தார்கள். தகட்டில் பார்த்தால் ஓ மாதிரியே இருக்கும். ஆனால் ஓ ரத்தம் ஏற்றினாலும் உடல் எதிர்க்கும். ஏ, பி அடையாளங்கள் உட்கார அடித்தளமாக இருக்கும் எச் என்ற பொருளே இவர்களிடம் இல்லை. இதுதான் பம்பாய் வகை.

இந்தியாவில் சுமார் 10,000 பேரில் ஒருவருக்கு இருக்கலாம் என்பது மதிப்பீடு. அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் அந்த மரபணு வந்தால்தான் இது வெளிப்படும். மாமன் மகள், அக்கா மகள் என்று சொந்தத்தில் கல்யாணம் செய்யும் குடும்பங்களில் அந்த வாய்ப்பு கூடும். கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் அப்படிப்பட்ட குடும்பங்கள் நிறைய.

இதைக் கண்டுபிடிக்கும் வழியும் லேண்ட்ஸ்டெய்னர் செய்ததுதான்: சிவப்பணுவை மட்டும் பார்க்காமல் சீரத்தையும் சோதிப்பது. ரத்த வங்கிகளில் இரண்டு பக்கமும் பார்ப்பார்கள். சாதாரண தகட்டுச் சோதனையில் இது தெரியாது.

விபத்து நடந்தால் ஐடி கார்டு உதவுமா?

கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாக பெங்களூரு போகும் 44-ம் எண் தேசிய நெடுஞ்சாலையில் ஒருவர் அடிபட்டால், ஓசூருக்கும் கொண்டு போகலாம், அத்திப்பள்ளி தாண்டி பெங்களூருக்கும் கொண்டு போகலாம். எங்கே போனாலும் கார்டைப் பார்த்து ரத்தம் ஏற்ற மாட்டார்கள். வகையை மறுபடி சோதித்து, கொடுப்பவர் ரத்தத்தையும் பெறுபவர் ரத்தத்தையும் கலந்து கிராஸ் மேட்ச் பார்த்த பிறகே ஏற்றுவார்கள். அதற்கும் நேரமில்லாத அவசரம் என்றால் ஓ வகை ரத்தத்தில் தொடங்குவார்கள். பேச முடியாத நிலையில் இருப்பவர் ஒடிசாக்காரரா, உள்ளூர்க்காரரா என்பதெல்லாம் இந்தச் சோதனைக்குத் தேவையில்லை.

அப்போ எதுக்குத் தெரிஞ்சு வச்சுக்கணும்? முதல் காரணம், மற்றவர்களுக்குக் கொடுக்க. வாட்ஸ்அப் குரூப்பில் ரத்தம் கேட்டு மெசேஜ் வரும்போது, தப்பான வகையை நம்பி ஒருவர் ஓசூரிலிருந்து பெங்களூரு வரை போய்ச் சேர்ந்தால், நோயாளியின் குடும்பத்துக்கு மணிக்கணக்கில் நேரம் போகும். இரண்டாவது, ஆர்எச் நெகட்டிவ் பெண்களின் பாதுகாப்பு. மூன்றாவது, அரிய வகை இருந்தால் முன்கூட்டியே தெரிந்திருப்பது.

எங்கே, எப்படிப் பார்ப்பது?

- லேப்: எந்த மருத்துவ லேபிலும் பிளட் குரூப் டெஸ்ட் என்று தனியாகக் கேளுங்கள். செலவு குறைவு, வெறும் வயிறு தேவையில்லை. மாஸ்டர் செக்கப்பில் வரும் சிபிசி ரிப்போர்ட்டில் ரத்த வகை இருக்காது.
- அரசு மருத்துவமனை: கர்ப்பிணிகளுக்கு முதல் பரிசோதனைகளிலேயே பார்த்துவிடுவார்கள். அந்த அட்டையைப் பத்திரப்படுத்துங்கள்.
- ரத்த தானம்: 18 முதல் 65 வயது, குறைந்தது 45 கிலோ எடை, ஹீமோகுளோபின் 12.5 இருந்தால் கொடுக்கலாம். வகை இலவசமாகத் தெரியும். எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி, சிபிலிஸ், மலேரியா சோதனைகளும் அந்த ரத்தத்தில் செய்யப்படும். ஆண்கள் 90 நாள், பெண்கள் 120 நாள் இடைவெளி விட வேண்டும்.
- பெற்றோரை வைத்து யூகிக்க வேண்டாம்: அப்பா ஏ, அம்மா பி என்றால் பிள்ளைக்கு நான்கு வகையில் எதுவும் வரலாம்.

ரிப்போர்ட் வந்ததும் போனில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். ஐடி கார்டில் வேறு வகை இருந்தால், எச்ஆரிடம் சொல்லி மாற்றச் சொல்லுங்கள். வீட்டில் ஆர்எச் நெகட்டிவ் பெண் யாராவது இருந்தால், அவருக்கும் அவர் கணவருக்கும் ஆன்டி-டி ஊசி பற்றித் தெரியுமா என்று இன்றே கேட்டுவிடுங்கள்.