எட்வின் சாட்விக்

சர் எட்வின் சாட்விக் (சனவரி 24, 1800 – சூலை 6, 1890) இங்கிலாந்தைச் சேர்ந்த சமூகச் சீர்திருத்தவாதியும் அரசு நிர்வாகியும் ஆவார். குடியிருப்புகளின் வடிகால், கழிப்பறை, குடிநீர் வழங்கல் ஆகியவற்றைச் சட்ட விதிகளுக்கு உட்படுத்த வேண்டும் என்று வாதாடி, பிரித்தானியாவின் 1848 ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டத்திற்கு வழிவகுத்தவர். இன்று பல நாடுகளில் நடைமுறையில் உள்ள கட்டட விதிகளின் தொடக்கங்களுள் ஒன்றாக இச்சட்டத்தைக் கருதலாம்.

இளமை

சாட்விக் மான்செசுட்டர் நகரை அடுத்த லாங்சைட் என்னும் ஊரில் பிறந்தார். சட்டம் பயின்று, 1830 இல் வழக்கறிஞராகத் தகுதி பெற்றார். மெய்யியலாளர் செரமி பெந்தாமிடம் செயலாளராகப் பணியாற்றினார். பெந்தாம் 1832 இல் இறக்கும் வரை அவருடன் இருந்தார். எந்தச் சட்டத்தையும் அதனால் மக்களுக்கு விளையும் பயனைக் கொண்டே அளவிட வேண்டும் என்னும் நோக்கை இவர் அவரிடமிருந்து பெற்றார்.

1834 ஆம் ஆண்டின் ஏழையர் சட்டத் திருத்தத்திற்கு அடிப்படையான அறிக்கையை, பொருளியலாளர் நாசோ சீனியருடன் இணைந்து எழுதினார். உதவி நாடும் ஏழைகளைக் கடுமையான பணியில்லங்களில் சேர்க்க வழிசெய்த இச்சட்டம் மக்களின் வெறுப்புக்கு ஆளானது. அந்த வெறுப்பு சாட்விக்கின் மீதும் படிந்தது.

1842 ஆம் ஆண்டு அறிக்கை

ஏழையர் சட்டத்தைச் செயல்படுத்தும் ஆணையத்தின் செயலாளராக இருந்தபோது, வறுமைக்கு நோய் ஒரு முதன்மைக் காரணம் என்பதைச் சாட்விக் கண்டார். உழைப்பவர் நோயால் இறந்தால் அவரது குடும்பம் அரசின் உதவியை நாட நேர்ந்தது. எனவே நோயைத் தடுப்பது செலவைக் குறைக்கும் என்று அவர் வாதிட்டார்.

பெரிய பிரித்தானியாவின் உழைக்கும் மக்களின் சுகாதார நிலை பற்றிய அவரது அறிக்கை 1842 இல் வெளிவந்தது. ஆணையர்கள் அதற்குப் பொறுப்பேற்க விரும்பாததால் அது அவரது பெயரிலேயே வெளியிடப்பட்டது. இறந்தோரின் சராசரி வயதை அவ்வறிக்கை ஒப்பிட்டது. மான்செசுட்டரில் உயர் வகுப்பினருக்கு 38, வணிகர்களுக்கு 20, தொழிலாளர்களுக்கு 17 எனவும், நாட்டுப்புறமான ரட்லண்டில் முறையே 52, 41, 38 எனவும் கணக்கிடப்பட்டது. அதாவது, ரட்லண்டின் கூலித் தொழிலாளரும் மான்செசுட்டரின் செல்வந்தரும் ஒரே சராசரி வயதில் இறந்தனர். குழந்தை இறப்புகள் மிகுதியாக இருந்ததே இவ்வெண்கள் இத்துணைக் குறைவாக இருந்ததற்குக் காரணமாகும்.

குழாய்த் திட்டம்

சாட்விக் நகரத்தை ஓர் உடலாகக் கண்டார். தூய நீர் அழுத்தத்துடன் இடைவிடாது ஒவ்வொரு வீட்டிற்கும் வர வேண்டும். அந்நீரே கழிவை அடித்துக்கொண்டு வெளியேற வேண்டும். அக்கழிவு வயல்களுக்கு உரமாக வேண்டும் என்பது அவரது திட்டமாகும்.

அக்காலப் பெருஞ்சாக்கடைகள் செங்கல்லால் கட்டப்பட்டு, தட்டையான அடித்தளம் கொண்டிருந்தன. குறைந்த நீர் அகன்ற தளத்தில் மெதுவாகப் பாய்வதால் கழிவு படிந்து தேங்கியது. முட்டை வடிவச் சாக்கடையில் அடிப்பகுதி குறுகலாக இருப்பதால், நீர் குறைவாயினும் வேகம் குறையாது. பொறியாளர் சான் ரோ பயன்படுத்திய இவ்வடிவத்தைச் சாட்விக் ஆதரித்தார். வீட்டு இணைப்புகளுக்கு மெருகிட்ட சிறு சுடுமண் குழாய்களைப் பரிந்துரைத்தார். அவை அடைத்துக்கொள்ளும் என்று பல பொறியாளர்கள் எதிர்த்தனர். இப்பூசல் பல ஆண்டுகள் நீடித்தது.

1848 ஆம் ஆண்டுச் சட்டம்

இச்சட்டத்தின்படி நடுவண் சுகாதார வாரியம் அமைக்கப்பட்டு, சாட்விக் அதன் உறுப்பினரானார். வரி செலுத்துவோரில் பத்தில் ஒரு பங்கினர் கோரினாலோ, இறப்பு வீதம் ஆயிரத்திற்கு 23 ஐத் தாண்டினாலோ ஓர் ஊரில் உள்ளூர் வாரியம் அமைக்க இயலும். அத்தகைய ஊர்களில் வடிகாலும் கழிப்பறையும் இன்றிப் புதிய வீடு கட்டக்கூடாது என விதிக்கப்பட்டது. இச்சட்டம் இலண்டனுக்குப் பொருந்தவில்லை. அங்குத் தனிச் சாக்கடை ஆணையம் இயங்கியது. சாட்விக் அதிலும் இடம்பெற்றார்.

பிழையும் வீழ்ச்சியும்

அழுகும் பொருள்களின் நாற்றமே நோயைப் பரப்புகிறது என்று சாட்விக் உறுதியாக நம்பினார். ஆகவே இலண்டன் வீடுகளின் மலக்குழிகளிலும் சாக்கடைகளிலும் தேங்கிய கழிவு தேம்சு ஆற்றில் தள்ளப்பட்டது. அதே ஆற்றிலிருந்துதான் பல நிறுவனங்கள் குடிநீர் எடுத்தன. 1848–49 வாந்திபேதிக் கொள்ளைநோயில் இலண்டனில் ஏறத்தாழ 14,000 பேர் இறந்தனர். கழிவை ஆற்றில் தள்ளியது நோய்ப் பரவலை மேலும் மோசமாக்கியிருக்கும் எனக் கருதப்படுகிறது. அந்நோய் நீரால் பரவுகிறது என்று மருத்துவர் சான் சுனோ 1849 இல் எழுதியபோதும் அது பரவலாக ஏற்கப்படவில்லை.

உள்ளூர் ஆட்சியினர், நீர் நிறுவனங்கள், பொறியாளர்கள் என அனைவரையும் பகைத்துக்கொண்ட சாட்விக், 1854 இல் ஓய்வூதியத்துடன் பதவியிலிருந்து விலக்கப்பட்டார். பின்னர் சோசப் பசால்கெட் அமைத்த பெருஞ்சாக்கடைகள் கழிவை நகருக்குக் கிழக்கே கொண்டுசென்றன.

மரபு

1875 ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டம் முந்தைய சட்டங்களைத் தொகுத்து வலுப்படுத்தியது. அதன் கீழ் ஊர்கள் இயற்றிய துணைவிதிகள் தெருவின் அகலம், வீட்டின் வடிகால், கழிப்பறை ஆகியவற்றை வரையறுத்தன. 1889 இல் சாட்விக்கிற்குச் சர் பட்டம் வழங்கப்பட்டது. அடுத்த ஆண்டு அவர் காலமானார். இலண்டன் சுகாதார, வெப்பமண்டல மருத்துவக் கல்லூரியின் முகப்பில் பொறிக்கப்பட்ட பெயர்களுள் இவரது பெயரும் ஒன்று. நோய்க்கான காரணத்தை அவர் தவறாகக் கணித்தார். ஆயினும் தூய நீரை வீட்டிற்குள் கொணர்ந்து கழிவை வெளியேற்ற வேண்டும் என்ற அவரது தீர்வு நிலைபெற்றது.