எண்பது வயதில் முடித்த வேலை
போப்பையரின் கதை

மார்கழி விடியலில் விருத்தாசலம் பழமலைநாதர் கோயிலில் திருவெம்பாவை ஒலிக்கும். பீங்கான் சூளைக்கு வேலைக்குப் போகிறவர்களின் காதிலும் அது விழும்.

திருவெம்பாவை, மாணிக்கவாசகர் பாடிய திருவாசகத்தின் ஒரு பகுதி. அந்தத் திருவாசகம் முழுவதையும் ஆங்கிலத்தில் பெயர்த்தவர் ஒரு கிறிஸ்தவப் பாதிரியார். அவர்தான் ஜி. யு. போப். தமிழ் மக்கள் அவரைப் போப்பையர் என்றே அழைத்தார்கள்.

19 வயதில் வந்தார்

போப் 1820-ம் ஆண்டு ஏப்ரல் 24-ந் தேதி, இன்று கனடாவைச் சேர்ந்த பிரின்ஸ் எட்வர்டு தீவில் பிறந்தார். சிறு வயதிலேயே பெற்றோருடன் இங்கிலாந்து சென்றார். 1839-ல் கப்பலேறிச் சென்னைக்கு வந்தார். மதத்தைப் பரப்புவதே அவர் வந்த நோக்கம்.

ஆனால் தமிழ் அவரைப் பிடித்துக் கொண்டது. இராமானுஜ கவிராயரிடம் மாணவராக அமர்ந்து இலக்கணமும் இலக்கியமும் கற்றார். பிறகு சாயர்புரம், தஞ்சாவூர், உதகமண்டலம், பெங்களூர் ஆகிய ஊர்களில் பணி செய்தார். பள்ளியில் மிகவும் கண்டிப்பானவர் என்று பெயர் எடுத்தார்.

முதுமையில் பெரும்பணி

60 வயதைக் கடந்த பிறகு இங்கிலாந்து திரும்பினார். மற்றவர்கள் ஓய்வு தேடும் வயது அது. அவரோ ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையில் தமிழ் கற்பிக்கத் தொடங்கினார். 1886-ல் திருக்குறள் மொழிபெயர்ப்பை வெளியிட்டார். 1893-ல் நாலடியார் வந்தது.

மிச்சம் இருந்தது திருவாசகம். அதை முடிக்கத் தமக்கு ஆயுள் இருக்குமா என்று போப் கவலைப்பட்டார். அதை நண்பர் ஜோவெட்டிடம் சொன்னார். ஜோவெட், அங்குள்ள பேலியல் கல்லூரியின் தலைவர். அவர் போப்பின் தோளில் கை வைத்தார். கையில் பெரிய வேலை ஒன்று இருப்பதே நெடுநாள் வாழ வழி என்றும், முடிக்கும் வரை போப் உயிரோடு இருப்பார் என்றும் தேற்றினார்.

ஜோவெட் 1893-ல் காலமானார். போப் வேலையை நிறுத்தவில்லை. 1900-ல் தமிழ்ப் பாடல்களும் ஆங்கில மொழிபெயர்ப்பும் சேர்ந்து திருவாசக நூல் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது 80! தம் மதத்தை அவர் விடவில்லை. பிற மதத்தாரின் பக்தியை மதிக்கவும் தவறவில்லை.

1908 பிப்ரவரி 11-ந் தேதி போப் மறைந்தார். 1968-ல் சென்னைக் கடற்கரையில் அவருக்குச் சிலை வைக்கப்பட்டது.

இந்த வயதில் படித்து என்ன ஆகப் போகிறது என்று நினைப்பவர்கள், போப்பையரை நினைத்துக் கொள்ளட்டும்.