விவரணப் படக் கலைஞர் சுக்தேவ்

நம் மதுரங்குளிப் பெரியோரிற் பலர், படமாளிகையிற் கதைப்படம் தொடங்குமுன் ஓடிய அரசாங்கச் செய்திப்படங்களை மறந்திருக்கமாட்டார்கள். அமைச்சர் நாடா வெட்டுவார். அணையில் நீர் பாயும். கம்பீரமான குரலொன்று நாடு முன்னேறுகிறது என்று சொல்லும். இலங்கையில் அரசாங்கத் திரைப்படப் பிரிவு 1948ஆம் ஆண்டில் அமைந்தது. அதே ஆண்டில் இந்தியாவிலும் பம்பாயில் பிலிம்ஸ் டிவிஷன் என்ற அரசுத் தாபனம் தோன்றிற்று. அந்தக் கம்பீரக் குரலை நிறுத்திக் காட்டியவர் என்று பெயர் பெற்ற ஒருவரின் வாழ்க்கையை இம்மலரிற் கூற முற்படுகின்றோம்.

சுக்தேவ் 1933ஆம் ஆண்டில் தேராதூனிற் பிறந்தவர். பம்பாய்க்கு வந்து, பவுல் சில்ஸ் என்ற ஜெர்மானியரிடம் தொழில் பயின்றார். அந்த ஆசிரியரின் கதையும் சுவையானதே. ஜெர்மனியின் பெரும் படத் தாபனமாகிய ஊஃபாவில் வேலை பார்த்தவர் அவர். போர்க் கைதியாக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, விடுதலையானபின் இங்கேயே தங்கிப் படமெடுத்தார். ஹிட்லரின் 1934ஆம் ஆண்டு நூரம்பேர்க் மாநாட்டை லெனி ரீபென்ஸ்டால் அம்மையார் படமாக்கியபோது, அதனை 1935இல் உலகெங்கும் பரப்பியது இந்த ஊஃபாவே. அப்படத்தில் விளக்கவுரை கிடையாது. கொடியும் அணிவகுப்பும் முழக்கமுமே பேசும். இதனை வாசகர்கள் மனத்திற் கொள்க.

சுக்தேவ் இடதுசாரி எண்ணமுடையவர்; ஏழைகள்பால் உண்மையான பரிவு கொண்டவர். 1965இல் அவர் எடுத்த படம் செல்வர்க்கும் வறியவர்க்கும் இடையேயுள்ள பிளவைக் கூசாமற் காட்டிற்று. பின்னர் பிலிம்ஸ் டிவிஷனுக்காக எடுத்த இந்தியா 67 என்ற படமே அவர் புகழுக்கு நிலையான சான்று. ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஓடும் அதில் ஒரு வார்த்தை விளக்கவுரை இல்லை. பழமையும் புதுமையும், மாட மாளிகையும் தெருவோரமும் ஒன்றையடுத்து ஒன்றாக வரும். எது சரி, எது பிழை என்பதைப் பார்ப்பவரே முடிவு செய்யவேண்டும். அரசாங்கப் பணத்தில் இத்தகைய படம் வெளிவந்தது வியப்பே. வங்காளதேசத்தின் விடுதலைப் போரைப் பற்றி அவர் 1972இல் வெளியிட்ட படமும் பெரும் மதிப்பைப் பெற்றது.

1975 ஜூன் 25ஆம் நாள் இரவு, இந்திரா காந்தி அம்மையாரின் ஆட்சியில் நெருக்கடி நிலை பிறந்தது. டில்லிப் பத்திரிகைகளுக்கு மின்சாரம் நிறுத்தப்பட்டது, தணிக்கை வந்தது, ஓர் இலட்சத்துக்கு மேற்பட்டோர் விசாரணையின்றிச் சிறைப்பட்டனர். தேர்தலில் வென்ற ஒருவர், அரசியற் சட்டத்தின் வாசகத்தைக் கொண்டே நடத்திய சர்வாதிகாரம் என்று அதனைச் சொல்வதில் எமக்குத் தயக்கமில்லை.

பத்திரிகையை அடக்கினாற் போதாது, மக்கள் கண்ணுக்கும் ஏதாவது காட்டவேண்டுமே! அதற்கான வழி முன்னரே வெட்டப்பட்டிருந்தது. 1943இல், போர்க் காலத்தில், படமாளிகைகள் ஒவ்வொரு காட்சியிலும் அரசு ஒப்பிய படங்களைக் காட்டவேண்டும் என்று ஆங்கில ஆட்சி விதித்தது. சுதந்திர இந்தியா அந்த வழக்கத்தை உரிம நிபந்தனையாக வைத்துக்கொண்டது. மாளிகைக்காரர் அதற்கு வாடகையும் கட்டவேண்டும். தமிழ் உட்படப் பல மொழிகளிற் பிரதிகள் நாடெங்கும் போயின. வெளியே நின்று பீடி பிடித்தவர் தப்பினார். மற்றவர் பார்த்தே ஆகவேண்டும்.

அந்த வழியிற் செல்லப் படம் தேவைப்பட்டபோது சுக்தேவும் எடுத்துக் கொடுத்தார். 1976இல் வந்த தண்டர் ஆஃப் ஃப்ரீடம் நெருக்கடி நிலையின் நன்மைகளைப் போற்றிற்று. கூலிக்கு மாரடித்தார் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். நாம் அப்படி நினைக்கவில்லை. நிலமும் கூலியும் ஏழைக்குக் கிடைக்குமென்று இருபது அம்சத் திட்டம் வாக்களித்தது. இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியே அவ்வாட்சியை ஆதரித்து நின்றது. அவரும் நம்பியிருக்கவேண்டும். நம்பாதவன் எடுத்த படத்தை மக்கள் ஒரு நொடியிற் கண்டுகொள்வர். தெருவிலுள்ள முகங்களை உள்ளபடி காட்டுகிறவர் என்று பெயரெடுத்தவரின் கமெராவோ அரசுக்குக் கிடைத்த பொன். அதே 1976இல் டில்லித் துருக்மான் வாசலருகே வீடுகள் இடிக்கப்பட்டதையும், ஆண்கள் பிடித்துச் செல்லப்பட்டுக் கருத்தடை செய்யப்பட்டதையும் நாடு முழுவதும் காட்ட எந்தக் கமெராவும் இருக்கவில்லை.

பீகார் மக்களின் கிளர்ச்சியை 1974இற் படம் பிடித்த இளைஞர் ஆனந்த் பட்வர்த்தன், அப்படத்தை மறைவாகவே காட்டவேண்டியிருந்தது. பிரதி துண்டு துண்டாக வெளிநாடு போயிற்று. அவருக்குப் படமாளிகையுமில்லை, வாடகையுமில்லை.

1977 மார்ச்சில் நடந்த தேர்தலில் அம்மையார் தோற்றார். கட்டாயமாகக் காட்டப்பட்ட படங்கள் வாக்குகளைக் கொண்டு தரவில்லை. வெகுசனத் தொடர்புச் சாதனங்கள் துஷ்பிரயோகம் செய்யப்பட்டமை பற்றிப் புதிய அரசு அவ்வாண்டே வெள்ளை அறிக்கை வெளியிட்டது.

சுக்தேவ் அதன்பின் நெடுநாள் வாழவில்லை. 1979 மார்ச் முதலாம் நாள், நாற்பத்தைந்து வயதில் டில்லியில் மறைந்தார். பல ஆண்டுகள் கழிந்தபின் அவர் மகள் ஷப்னம் சுக்தேவ் தந்தையைத் தேடிப் புறப்பட்டார்; அந்தத் தேடலையும் ஒரு விவரணப் படமாகவே எடுத்தார்.